வால் முறிந்த வரையன்

அக்டோபர் 12, வியாழன்

நடை: 34 நிமிடம். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினோம். இவருக்கு மூச்சு வாங்கவில்லை.

பார்த்தவை: செம்போத்து ஒன்று, உடைமரப் புதருக்குள். ஆள்காட்டிக் குருவி இரண்டு. வேலிக்கல்லில் ஓணான், கழுத்து சிவந்தது. தட்டான்கள் நிறைய, இடுப்பு உயரத்தில். மழை வரும் என்றார் இவர். மூன்று வாரமாக இதையேதான் சொல்கிறார். பாளையங்கோட்டை வெயில் கேட்பதாக இல்லை.

இந்த நோட்டின் முதல் பக்கங்களை இன்று புரட்டினேன். வெறும் எண்கள்தான். இவருக்கு நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பியபோது, தினமும் நடக்க வேண்டும், நிமிடத்தையும் மூச்சையும் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். எட்டாம் பக்கத்தில்தான் முதல் உயிர் வருகிறது: 'மரவட்டை, பத்துக்கு மேல்.' மிக மெதுவாக நடந்தோம் அப்போது. அந்த வேகத்தில் நடந்தால் தரை முழுக்க ஆள் நடமாட்டம் தெரியும்.

காலை ஏழேகாலுக்குப் பின்தெரு ஞானப்பூ அக்கா நகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். கொல்லையில் கிடந்த சாக்கைத் தூக்கினாராம், அடியில் பாம்பு. கூடவே குரல் பதிவு: "ஏ செண்பகம், இது என்ன சாதி? சீக்கிரம் சொல்லு, அண்ணாச்சி கம்போட நிக்காவ!"

ஒரு நிமிடத்தில் பதில் போட்டேன். 'வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லை. பல்லி தின்கிற பிராணி. அடிக்க வேண்டாம்.' எங்கள் நகர்ச் சங்கத் தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி கம்பைக் கீழே போட்டுவிட்டார். பாம்பு பின்சுவரோரம் இருக்கும் பழைய செங்கல் குவியலுக்குள் போய்விட்டது. பதினாறு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். 'நம்ம நகருக்கு ஒரு சுவாலஜி இருக்கும்போது என்ன பயம்' என்று அண்ணாச்சி எழுதினார். நான் விலங்கியல் படித்தவள்.

தோசைக்கல் முன் நின்றபடியே ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். படம் தெளிவாகத்தான் இருந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

நடை: 30 நிமிடம். தட்டான் மட்டும். மழை இல்லை. அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, சனி

நடை: 33 நிமிடம். இவர் பேசிக்கொண்டே வந்தார். பார்த்தவற்றை எழுத மறந்துவிட்டேன்.

மதியம் இவர் கடைக்குப் போயிருந்தபோது அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தெளிவாக இல்லை. தலை சாக்குக்குள் இருக்கிறது. தெரிவது பின்பாதி மட்டும். கரும்பழுப்பு உடம்பு, குறுக்கே மங்கலான வெள்ளைக் கட்டுகள், கடைசி வரைக்கும்.

என் கவலை அந்தக் 'கடைசி வரைக்கும்' மேல்தான். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கட்டுகள் கழுத்துப் பக்கம் பட்டையாக இருக்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கி மறைந்துவிடும். கட்டுவிரியனுக்கு அப்படியே தலைகீழ். தலைப்பக்கம் மங்கல், பின்பக்கம் தெளிவு. ஒன்று பல்லி பிடிக்கிற அப்பாவி. மற்றது நம் ஊரில் நாகத்தைவிடக் கொடிய விஷம். இரண்டையும் குழப்பாதவர் கிடையாது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை அடுத்தடுத்து வைத்து இதைத்தான் கேட்டார்கள். எனக்குப் பத்துக்குப் பத்து.

ஞானப்பூ அக்காவின் மகள் ரூபி பிரசவத்துக்கு வந்து தாய்வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்கு இருபத்து மூன்று நாள். வெக்கை தாங்காமல் தாயும் மகளும் பிள்ளையும் பின்னறைத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பின்னறைக் கதவுக்கும் செங்கல் குவியலுக்கும் எட்டடி இருக்கும்.

கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் தேடி வந்ததுபோல் கடிக்கும். கடித்தது பெரிதாக வலிக்காது. தூக்கத்திலேயே

எழுத வேண்டாம்.

பன்னிரண்டாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்தபோது நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அது கூடத்து அலமாரியில் இருந்தது. எடுத்து வர அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அக்டோபர் 15, ஞாயிறு

நடை: 35 நிமிடம்.

ஞாயிறுதோறும் 'இந்த வாரம் பார்த்தவை' என்று குழுவில் பட்டியல் போடுவேன். இன்று செம்போத்து, ஆள்காட்டி, ஓணான், தட்டான் என்று போட்டேன். 'வரையனை விட்டுட்டியளே, அவந்தான இந்த வாரக் கதாநாயகன்' என்று அண்ணாச்சி கேட்டார். சிரிப்புப் படம் ஒன்று போட்டேன். மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு சிலந்தியின் படம் வந்தது, கடிக்குமா என்று. மாலை வரை பதில் போடவில்லை.

இப்போது போய்ச் சந்தேகம் என்று சொன்னால் இனி இந்த நகரில் ஒரு சாரைப்பாம்பையோ அரணையையோகூட உயிரோடு விடமாட்டார்கள். இரண்டு வருடமாகப் பேசிப் பேசி, கம்பை எடுப்பதற்கு முன் படம் எடுக்கப் பழக்கியிருக்கிறேன். அது வீணாகிவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

நடை: 28 நிமிடம். நான்தான் சீக்கிரம் திரும்பலாம் என்றேன்.

பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் பெரிய கொசுவலையை மடித்து எடுத்துக்கொண்டு ஞானப்பூ அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கொடியில் பாய்கள் மூன்று தொங்கின, ஈரமாக. மூன்றும் தரையில் விரிக்கிற பாய்கள்.

"வா செண்பகம். என்னது இது, பொதி?"

"கொசுவலக்கா. பிள்ளைக்கு. ஓரத்த நல்லா இழுத்துப் படுக்கைக்கு அடியில சொருகிடணும். ஒரு எடம்கூட விடக்கூடாது."

"ஏ அப்பா, கல்யாணப் பந்தலுக்குக் காணும்போல இருக்கே! இத்தினியூண்டு பிள்ளைக்கா?"

"எல்லாரும் உள்ளேயே படுங்கக்கா. கொசு நேரம்லா."

ரூபி ஜன்னலுக்கு உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை தோளில். "அக்கா, உங்காளு இன்னும் செங்கலுக்குள்ளதான் இருக்காரா? ரேசன் கார்டுல பேரு சேத்துருவமா?"

நானும் சிரித்தேன். பிள்ளையின் பாதம் துணிக்கு வெளியே தொங்கியது, ஒரு புளியம்பழ நீளம்கூட இல்லை. செங்கல் குவியலைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

சாம்பாரில் உப்புப் போடவில்லை. இவர் சாப்பிட்டு எழுந்தார். இவருக்கு உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் கேள்வி வரவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை. நடை இல்லை. மழை பெய்தால் பொந்துகளில் தண்ணீர் ஏறும், உள்ளே இருப்பவை மேட்டைத் தேடி வரும். காலையிலிருந்து நான்கு முறை போனைப் பார்த்தேன், குழுவில் ஏதும் செய்தி உண்டா என்று. அண்ணாச்சி ஒரு காலை வணக்கம் போட்டிருந்தார், ரோஜாப்பூவோடு. வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, புதன்

நடை: ஆஸ்பத்திரிப் படிகள் மட்டும்.

இவருக்கு ஆறுமாதப் பரிசோதனை. இதயத்தின் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்த நேரம் முழுவதும் நான் டாக்டரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லாருக்கு. இப்படியே நடங்க" என்றார். ஒரு படத்தை அவ்வளவு நேரம் பார்த்த பிறகுதான் ஒரு வார்த்தை சொன்னார். நாற்காலியில் கூனிக்குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே சர்பத் கடையில் நின்றோம். நன்னாரி சர்பத், இவருக்குச் சர்க்கரை இல்லாமல் எலுமிச்சை.

"நாலு நாளா பூதக்கண்ணாடியும் கையுமா அலையுத," என்றார் இவர்.

"பாத்தியளா?"

"அஞ்சு தடவ கம்ப்யூட்டர அணைக்காமப் போயிருக்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாம்பு என்னையப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. வால்தான் பாக்குது, தலையக் காணும்."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

சொன்னேன். கண்ணாடி, கட்டு, கொசுவலை, மூன்று பாய், பிள்ளையின் கால். எல்லாவற்றையும் சொன்ன பிறகும் நிறுத்த முடியவில்லை. இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்றும் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காலையில், ஒன்றுமில்லை, வாயு என்று சொன்னவள் நான். ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். ஐந்து மணி நேரம் போயிற்று. 'முன்னமே வந்திருந்தால்' என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு எப்பவும் இதான். பாத்த ஒடன பேரு வைக்கணும். பேரு வச்சிட்டா பயம் போயிரும்னு."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாயுன்னு நீயா சொன்ன? நான்லா சொன்னேன்."

"இல்ல, நான்."

"நாந்தான் வாயுன்னேன். நீ ஆட்டோக்காரருக்குப் போன் போட்ட. நான் வாங்கி அணைச்சு வச்சேன். ஓமத்தண்ணியும் நாந்தான் கேட்டேன்."

"எனக்கு அப்படி ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கே. நெஞ்சு எனக்குல்லா வலிச்சுது!"

சர்பத் கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் நன்னாரி ஏறிவிட்டது. இவர் முதுகில் தட்டினார். "ரெண்டு வருசமா இதத் தூக்கிக்கிட்டா நடந்த? நாந்தான் நடக்கக் கஷ்டப்படுதேன்னுல்லா நெனச்சேன்."

யாருடைய ஞாபகம் சரி என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக இவர் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தாரா என்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் இவர் மெதுவாகச் சொன்னார்: "காலையில மொத வேலையா அங்க போயிட்டு வா. நானும் வரணும்னா வாரேன்." வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 19, வியாழன்

நடை: 31 நிமிடம். பார்த்தவை: எதையும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு ஞானப்பூ அக்கா வாசலில் நின்றேன். சாணார்குளத்திலிருந்து அவருடைய தம்பி மனைவியோ வேறு யாரோ வந்திருந்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. யாரும் இல்லை. அக்கா இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பாம்பு. நான் சொன்னது தப்பா இருக்கலாம். கட்டுவிரியனா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். சனிக்கிழமையே சந்தேகம் வந்துது. அஞ்சு நாளாச் சொல்லாம இருந்துட்டேன். நீங்க எல்லாரும் தரையில படுக்கிய. பிள்ள வேற."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அக்கா மாவுக் கையோடு என்னையே பார்த்தார்.

"யாரு தரையில படுக்கா?"

"பாயி... கொடியில..."

"அது கழுவிச் சுருட்டிப் பரண்ல ஏத்துறதுக்குத் தொங்குச்சு. நீ வெசம் இல்லன்னு போட்ட அன்னைக்கே என் தம்பி வீட்டுக் கட்டில ரெண்டையும் தூக்கியாந்தாச்சு. அன்னைலருந்து எல்லாரும் மேலதான்."

"அப்ப... என் வார்த்தைய நம்பலையாக்கா?"

"நம்புனேன். ஏன் நம்பாம? ஆனா நீ போட்ட மெசேஜ பாம்பும் படிச்சிருக்கணும்லா?"

உள்ளே ரூபி சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்து அழுதது. நான் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஐந்து நாள் நான் இவர்களுக்காக நடுங்கிக்கொண்டிருந்தேன், இவர்கள் காற்றாடக் கட்டிலில் தூங்கியிருக்கிறார்கள்.

பிறகு அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா அஞ்சு நாளு சொல்லாம இருந்த பாரு, அது தப்பு செண்பகம். கட்டில் இல்லாத வீடுன்னா?"

"ஆமாக்கா."

"அந்த வலையப் போட்டுக் கட்டில மூடித்தான் வச்சிருக்கோம். கொசுவுக்கும் நல்லாத்தான் இருக்கு. போ, அண்ணாச்சிட்ட சொல்லி ஆளக் கூப்புடச் சொல்லு."

பதினைந்தாம் தேதி எழுதியதற்கு ஒரு திருத்தம். அரணைகளுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பதினாறு கைதட்டல்களுக்காக.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "என்னத்தா, சுவாலஜிக்கே டவுட்டா?" என்று உரக்கக் கேட்டார். தெருவில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். உலகம் அப்படியே இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு அண்ணாச்சியே போன் போட்டார். நாளைக் காலை வருகிறார்களாம். குழுவில் நானே எழுதினேன்: 'முன்பு நான் சொன்னது உறுதியில்லை. செங்கல் குவியல் பக்கம் யாரும் போக வேண்டாம்.'

அக்டோபர் 20, வெள்ளி

நடை: பின்தெரு வரை, இவரும் கூட வந்தார்.

தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர், நீண்ட இடுக்கியும் கனத்த பூட்ஸுமாக. குவியலை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த பக்கம் அடுக்கினார்கள். தெருவே சுவர்மேல் தலை வைத்துப் பார்த்தது. இரண்டு நண்டுவாக்காலி, பெரிய கருந்தேள்கள், ஓடின. ஒரு பெரிய தேரை, யாருக்காகவும் அவசரப்படாமல், நடந்து போயிற்று. பாம்பைக் காணோம்.

கடைசி இரண்டு வரிசைக்கு அடியில் ஒருவர் எதையோ இடுக்கியால் தூக்கினார். சட்டை. பாம்பு உரித்துப் போட்டது. "பழசு எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டுக் கெளம்பியாச்சு" என்று தூர எறியப் போனார். "அண்ணே, குடுங்க!" என்று நான் கத்தியதில் அண்ணாச்சி துள்ளிவிட்டார்.

புதிய சட்டை. இன்னும் மிருதுவாக, ஈர வெங்காயத் தோல்போல இருந்தது. ஞானப்பூ அக்கா வீட்டுச் சிமெண்ட் மேடையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் நீட்டினேன். கண்ணாடி போட்டேன். பூதக்கண்ணாடியை இவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொண்டு வந்திருக்கிறார்!

முதலில் வால். நுனி கூராக இல்லை. பாதியில் முறிந்து, மொட்டையாக ஆறியிருந்தது. எப்போதோ கீரியிடமோ மண்வெட்டியிடமோ தப்பியிருக்கும். போனில் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே மொட்டை வால். அதே ஆள்தான். கட்டுகள் ஏன் 'கடைசி வரைக்கும்' தெரிந்தன என்பதும் புரிந்தது. மங்கிப் போக வேண்டிய நுனிப்பகுதியே இல்லை. உடம்பு ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்பதும்தான். சட்டை உரிக்கப் போகிற பாம்பு பால் படிந்ததுபோல்தான் இருக்கும்.

ஆனால் இவை எல்லாம் ஊகம். சட்டையில் நிறம் இருக்காது. செதில் இருக்கும், அது போதும்.

கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வாலின் அடிச்செதில்கள் ஒற்றை ஒற்றையாக இருக்கும். கழுத்திலிருந்து ஆரம்பித்து விரல் நுனியால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முதுகில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. திருப்பிப் போட்டேன். வாலின் அடியில் இரண்டிரண்டாக. நடுவில் ஜிப் வைத்துத் தைத்தது போன்ற கோடு.

திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். மூன்றாவது முறை இவரைப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் ஒரே சைஸ்தான்," என்றார். ரூபியையும் பார்க்கச் சொன்னேன். "அடியில ரெண்டு ரெண்டாத்தான்க்கா இருக்கு."

"வெள்ளிக்கோல் வரையன்," என்றேன்.

"அப்ப மொதல்ல சொன்னதுதானா?" என்றார் அண்ணாச்சி ஏமாற்றத்தோடு. "இதுக்கா தீயணைப்பு வண்டி?"

"மொத நாளு சரியாத்தான் சொன்னேன் அண்ணாச்சி. ஆனா தெரியாமச் சொன்னேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஞானப்பூ அக்காவுக்கு விளங்கியது. மாவு காய்ந்த கையால் என் தோளை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, தீயணைப்புக்காரர்களுக்கு இட்லி வைக்க உள்ளே போனார்.

படங்களை என்னுடன் படித்த பிரேமாவுக்கு அனுப்பினேன். இப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். இதில் என் ஒருத்தி கண் மட்டும் போதாது.

அக்டோபர் 21, சனி

நடை: 36 நிமிடம். பிரேமாவின் பதில்: 'வரையனேதான். சந்தேகமே இல்லை. உனக்கு எதற்குடி சந்தேகம்? செய்முறையில் நீதானே பத்துக்குப் பத்து!'

மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினேன், தரையில்.

அக்டோபர் 22, ஞாயிறு

சட்டையை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். முழுதாக, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற செதில்கூடக் கழன்று வந்திருக்கிறது. அன்று காலை வாயு என்று முதலில் சொன்னது யார் என்று இவரிடம் இன்னொரு முறை கேட்டேன். "நாந்தான். இன்னும் எத்தன தடவ?" என்றார். அந்தக் காலை இப்படி ஒரு சட்டையை விட்டுவிட்டுப் போகவில்லை, எண்ணிப் பார்ப்பதற்கு. இவர் சொல்வதை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ஞானப்பூ அக்கா பாய்களைப் பரணில் ஏற்றிவிட்டார். வரையனைப் பற்றித் தெரிந்த பிறகும்.

குழுவில் பட்டியல் போட்டேன். செம்போத்து, நண்டுவாக்காலி இரண்டு, தேரை ஒன்று, 'வெள்ளிக்கோல் வரையன், வால் முறிந்தது, நேரில் காணவில்லை'. கைதட்டல் நான்கு.

மாலை மழை விட்டதும் அண்ணாச்சி ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டு முருங்கை மரத்தில் கறுப்பாக ஏதோ. 'இது என்னத்தா? கம்பு கையில இருக்கு.' பார்த்தவுடன் ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன்.

'தெரியல அண்ணாச்சி. இருங்க, கண்ணாடிய எடுத்துக்கிட்டு நேர்ல வாரேன்.'

இவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நடை: காலையும் மாலையும் சேர்த்து 52 நிமிடம். மூச்சு வாங்கவில்லை, இருவருக்கும்.